ஊழ் ஆறுதல் ஆகுமா? கண்ணகியின் துயரை முன்வைத்து

சிலப்பதிகாரத்தைப் பற்றிப் பேச எழுகிறவர்கள், மேடை எந்த ஊரில் இருந்தாலும், பதிகத்தில் சொல்லப்படும் மூன்று உண்மைகளில் இருந்தே தொடங்குவது வழக்கம். அரசியலில் தவறு செய்தவனுக்கு அறமே எமனாகும். கற்புடைய பெண்ணை உயர்ந்தோர் போற்றுவர். முன்வினை தவறாமல் வந்து தன் பயனைக் கொடுக்கும். முதல் இரண்டையும் மேடையில் கேட்டுக் கைதட்டிவிட்டு, மூன்றாவதை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறோம். துக்க வீட்டுக்குப் போனால் நம் வாயில் முதலில் வருவது அதுதான். “தலையெழுத்தை யாரால மாத்த முடியும்?” “கொடுத்து வச்சது அவ்வளவுதான்.” “எல்லாம் அவன் போட்ட கணக்கு.”

தமிழ்நாட்டுக்கு வெளியே குடும்பம் நடத்தும் நமக்கு இச்சொற்களின் தேவை இன்னும் அதிகம். ஊரில் ஒரு கேடு நடந்துவிட்டால் அந்த நிமிடமே ஓடிப்போய் நிற்க முடிவதில்லை. ரயில் டிக்கெட் கிடைக்காது, லீவு கிடைக்காது. தொலைபேசியில் பேசியாக வேண்டும். எதிர்முனையில் அழுகை கேட்கும். என்ன சொல்வது என்று தெரியாமல், “விதிம்மா, மனசைத் தேத்திக்கோ” என்று சொல்லி வைத்துவிடுகிறோம்.

அந்தச் சொல் கேட்பவருக்கு உண்மையில் ஆறுதல் தருகிறதா? சிலம்பை ஊழின் காப்பியம் என்று போற்றுகிற நாம் இந்தக் கேள்வியை அந்தக் காப்பியத்திடமே கேட்டுப் பார்க்கலாம். நான் மருத்துவன் அல்லன். அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றபின் பழைய நூல்களை மீண்டும் படித்துவரும் ஒரு வாசகன். படித்ததில் எனக்குப் பட்டது இது: சிலம்பு ஊழை நம்பும் காப்பியம்தான். ஆனால் ஊழைச் சொல்லி அடுத்தவர் துயரை ஆற்றிவிடலாம் என்று நம்பும் காப்பியம் அன்று.

மனக்காயம் என்பது

இலக்கியத்துக்குள் போகுமுன் மருத்துவம் சொல்வதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். உயிருக்கே ஆபத்தான ஒரு நிகழ்வைக் கண்டவர்கள், அதில் சிக்கி மீண்டவர்கள் சிலரிடம் காணப்படும் பாதிப்பைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்கிறார்கள், பி.டி.எஸ்.டி. என்பது அதன் சுருக்கம். வியட்நாம் போரில் இருந்து திரும்பிய படைவீரர்களின் நிலையைப் பார்த்தபின், 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் இப்பெயர் இடம் பெற்றது. நடந்தது திரும்பத் திரும்பக் கண்முன் வருவது, கெட்ட கனவு, அந்த இடத்தையும் அந்தப் பேச்சையும் தவிர்ப்பது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுவது ஆகியவை அடையாளங்கள். ஒரு மாதத்துக்கு மேலும் இவை நீடித்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால்தான் அது நோய்.

துயரப்படுகிற எல்லோரும் நோயாளிகள் அல்லர். உலக மக்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையாவது இத்தகைய நிகழ்வைச் சந்திக்கிறார்கள் என்றும், அவர்களுள் 5.6 விழுக்காட்டினருக்கே இந்நோய் வருகிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பெரும்பாலோர் சுற்றத்தாரின் துணையோடு மெல்லத் தேறிவிடுகிறார்கள். அந்தச் சுற்றம் என்ன பேசுகிறது என்பதுதான் நம் கவலை.

2013-இல் அதே கையேட்டைத் திருத்தியபோது இன்னொரு வகை அடையாளத்தையும் சேர்த்தார்கள். “நானே கெட்டவள்”, “யாரையும் நம்ப முடியாது” என்று எண்ணம் இறுகிப்போவதும், நடந்ததற்குத் தன்னையோ பிறரையோ தவறாகக் குற்றம் சாட்டிக்கொண்டே இருப்பதும் அதில் அடங்கும். ஆகவே ஏன் நடந்தது என்பதற்கு ஒருவர் மனத்தில் ஏற்கும் விளக்கம், நோய் தீர்வதையோ முற்றுவதையோ பாதிக்கிறது. விதி என்பதும் அத்தகைய ஒரு விளக்கம்தானே!

கண்ணகி கேட்ட இரண்டு விளக்கங்கள்

கண்ணகிக்கு நோய்ப்பெயர் ஒட்டுவது என் நோக்கமன்று. காப்பியத் தலைவியை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது இலக்கியத் திறனாய்வும் ஆகாது. அவள் துயரின்போது யார் என்ன சொன்னார்கள், அவள் என்ன செய்தாள் என்பதை மட்டும் பார்ப்போம்.

முன்வினை விளக்கம் அவள் காதுக்கு இருமுறை வருகிறது. முதல்முறை புகாரில். கணவன் பிரிந்திருக்கிறான், தீய கனவு ஒன்று கண்டு அஞ்சியிருக்கிறாள். தோழி தேவந்தி சொல்கிறாள்: முற்பிறப்பில் கணவனுக்காகச் செய்ய வேண்டிய ஒரு நோன்பில் நீ தவறிவிட்டாய், சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் பொய்கைகளில் நீராடிக் காமவேளைத் தொழுதால் கணவனோடு இன்புறலாம். நம் வீடுகளில் இன்றும் நடக்கிற உரையாடல்தான் இது. கணவன் தவறுகிறான், காரணம் மனைவியின் கணக்கில் எழுதப்படுகிறது, பரிகாரமும் அவள்தான் செய்ய வேண்டும். தேவந்தி கெட்டவள் அல்லள், அன்பினால்தான் சொல்கிறாள். கண்ணகி நீளமாக வாதாடவில்லை. அது பெருமை ஆகாது என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறாள்.

இரண்டாம் முறை மதுரையில். கோவலன் கொல்லப்பட்டான், பாண்டியன் உயிர் நீத்தான், நகரம் எரிகிறது. அப்போது மதுராபதித் தெய்வம் வருகிறது. நேருக்கு நேர் வர அஞ்சிப் பின்புறமாக வருகிறது. திரும்பிப் பார்த்த கண்ணகி கேட்பது, ‘யார் நீ? என் துயரம் என்னவென்று உனக்குத் தெரியுமா?’ என்பதே. அறிவேன் என்கிறது தெய்வம். உன் கணவனுக்காக நானும் வருந்துகிறேன் என்கிறது. அதன் பிறகு பாண்டியர் குலத்தின் செங்கோல் சிறப்பை விரித்துரைக்கிறது. கடைசியாகத்தான் முற்பிறப்புக் கதை. கோவலன் முன்பிறவியில் பரதன் என்பவனாக இருந்து, சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லச் செய்தான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து சாபமிட்டு உயிர் விட்டாள். அந்த வினையே இன்று வந்தது.

இதைச் சொல்வது யார்? பாண்டியன் தலைநகரின் காவல் தெய்வம். குற்றம் நடந்த இடத்தின் தரப்பு. அத்தரப்பில் இருந்து வரும்போது ஊழ் விளக்கத்துக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துவிடுகிறது: அரசன் தவற்றின் கனத்தைச் சற்றுக் குறைத்துக் காட்டுகிற வேலை. மதுராபதி நல்ல தெய்வம்தான். என்றாலும் இளங்கோ இந்த விளக்கத்தை அதன் வாயில் வைத்ததைத் தற்செயல் என்று என்னால் கொள்ள முடியவில்லை.

நம் காலத்திலும் இது நடக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளி ஒன்றில் தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். கூரை வேய்ந்த கட்டடம், நெரிசலான வகுப்பறைகள், கண்ணை மூடிக்கொண்ட அதிகாரம் என்று காரணங்கள் வரிசையாக நின்றன. விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பு வர 2014 ஆகிவிட்டது. அத்தனை ஆண்டு காத்திருந்த பெற்றோரிடம் போய் “அந்தக் குழந்தைகளுக்கு ஆயுசு அவ்வளவுதான்” என்று சொன்னால் அதற்குப் பெயர் ஆறுதலா?

சரி, தெய்வமே வந்து சொன்ன பிறகு கண்ணகி தேறினாளா? இல்லை. கணவனைக் காணும்வரை உட்காரவும் மாட்டேன், நிற்கவும் மாட்டேன் என்கிறாள். கொற்றவை கோயில் வாயிலில் கைவளைகளை உடைக்கிறாள். கணவனோடு கீழ்த்திசை வாயில் வழியாக வந்தேன், மேல்திசை வாயில் வழியாகத் தனியே போகிறேன் என்று சொல்லி, இரவு பகல் பாராமல் வையைக் கரையோடு நடக்கிறாள். இதுவா ஆறுதல் பெற்றவளின் நடை? முழு விளக்கமும் கிடைத்துவிட்டது. துயரில் ஒரு துளியும் குறையவில்லை.

அவளே சொன்ன ஊழ்

இங்கே ஒரு தடை எழும். கண்ணகியே ஊழைப் பற்றிப் பேசுகிறாளே என்று சிலம்பை நன்கறிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பேசுகிறாள்தான். எங்கே, எப்படிப் பேசுகிறாள் என்று பார்க்க வேண்டும்.

பாண்டியன் அவையில் தன் கணவனை அறிமுகம் செய்யும்போது, ஊழ்வினை துரத்த உன் ஊருக்குப் பிழைக்க வந்தவன் என்கிறாள். அதே மூச்சில், உன்னால் கொலைக்களத்தில் மாண்டவன் என்றும் சொல்கிறாள். ஊருக்கு வந்தது ஊழ், கொன்றது நீ. ஊழை நம்புவதற்கும் நீதி கேட்பதற்கும் அவளிடம் எந்த முரண்பாடும் இல்லை. சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் காட்டுகிற கையும் அதே கைதான். ஊழை நம்பினால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. கண்ணகி சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்னொரு இடம் மலைநாட்டில். வேங்கை மரத்தடியில் நிற்கும் அவளைப் பார்த்துக் குறவர் பெண்கள் நீ யாரம்மா என்று கேட்கிறார்கள். அவர்களுக்குப் பாண்டியனும் வேண்டாம், சோழனும் வேண்டாம், முன்பின் அறியாதவர்கள். அவர்களிடம் அவள், மதுரையும் அரசும் கெட வலிய வினை வந்து மூண்டபோது கணவனை இழந்துவந்த தீவினையாட்டி நான் என்று தன் கதையைத் தானே சொல்கிறாள். இங்கே வினை என்ற சொல் அவளுடைய சொல். யாரும் அவளுக்கு ஊட்டியது அன்று. வழக்காடி முடிந்து, உண்மை நிலைநாட்டப்பட்டு, நெடுவழி நடந்தபின், கேட்கக் காது கிடைத்தபோது தானாக வந்த சொல்.

துயருற்றவர் தாமே, தம் நேரத்தில், விதி என்று சொல்வது ஒன்று. துயர் படாதவர் அதை முதல் சொல்லாக அவர்மேல் வைப்பது வேறொன்று. இந்த வேற்றுமையைக் காணாமல் சிலம்பை ஊழின் காப்பியம் என்று மட்டும் சொல்லி நிறுத்துகிற வாசிப்பு அரைகுறை வாசிப்பே என்பது என் துணிபு.

எஞ்சியவர்களின் கதை

நீர்ப்படைக் காதையில் மாடலன் செங்குட்டுவனிடம் சொல்லும் செய்திகளை நாம் பெரும்பாலும் வேகமாகப் புரட்டிவிடுகிறோம். இறந்தவர்களுக்குப் பின் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்ற கணக்கு அங்கேதான் இருக்கிறது. அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியவில்லையே என்று மாதரி தீயில் விழுந்தாள். கவுந்தியடிகள் உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்தார். கோவலன் தாயும் கண்ணகி தாயும் துயர் தாங்காமல் இறந்தனர். தந்தையர் இருவரும் துறவு நெறியை நாடினர். மாதவி துறவு பூண்டாள். இச்செய்தியைப் புகாருக்குக் கொண்டுபோன மாடலனோ, தன் வாயால் கேட்டவர்கள் இறந்துவிட்டார்களே என்று அந்தப் பாவம் தீரக் கங்கையாட வந்திருக்கிறான்.

மாதரியும் மாடலனும் எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஆனாலும் என்னால்தான் என்ற எண்ணம் அவர்களை அரிக்கிறது. பேரிடரில் பிழைத்தவர்களிடம் மருத்துவர்கள் இன்று காணும் குற்ற உணர்வு இதுதான். கவுந்தியின் முடிவு இன்னும் சிந்திக்க வைப்பது. வழிநெடுக வினையின் தன்மையை எடுத்துரைத்தவர் அவர். மனம் கலங்கிய கோவலனுக்கு இராமனும் நளனும் பட்ட துன்பங்களைச் சொல்லித் தேற்றியவர். அவர்கள் வினையோடு என் வினையும் சேர்ந்து வந்ததோ என்று அவரே கேட்டு உணவை விடுகிறார். சமண நெறியில் உண்ணாநோன்புக்குத் தனி மதிப்பு உண்டு என்பதை மறுக்கவில்லை. இருந்தாலும் பிறருக்குச் சொன்ன வினைத் தத்துவம் அவருக்கு வாழ்வைத் தொடர வழி காட்டவில்லை என்பதும் உண்மை.

கண்ணகியின் தந்தை ஆசீவகரிடம் அறம் கொண்டார் என்கிறது காப்பியம். எல்லாம் நியதிப்படியே நடக்கும் என்று கொண்ட சமயம் ஆசீவகம். மகளை இழந்த தகப்பன் அங்கே போனதை யாரும் குறை சொல்ல முடியாது. ‘நான் வேறு மாதிரி செய்திருந்தால் பிழைத்திருப்பாளோ’ என்று இரவெல்லாம் உருளுகிற மனத்துக்கு, எதைச் செய்திருந்தாலும் இதுவே நடந்திருக்கும் என்ற நம்பிக்கை ஒரு தலையணை. ஆகவே ஊழ் நம்பிக்கையே நோய் என்று சில படித்தவர்கள் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. 1977-இல் புல்மன், வோர்ட்மன் என்ற இரு உளவியலாளர், விபத்தில் உடல் செயலிழந்த 29 பேரிடம் பேசி ஓர் ஆய்வு வெளியிட்டனர். ஏன் எனக்கு என்ற கேள்விக்கு அவர்களில் பெரும்பாலோர் தமக்கென ஒரு விடை வைத்திருந்தனர். கடவுள் சித்தம் என்பதும், முன்பே விதிக்கப்பட்டது என்பதும் அவ்விடைகளுள் இருந்தன. மனிதனுக்கு விடை தேவைப்படுகிறது. கடவுள் என்னைத் தண்டிக்கிறார் என்ற விடை நோயைக் கூட்டுவதோடும், கடவுள் துணையிருக்கிறார் என்ற விடை தேறுவதோடும் சேர்ந்து காணப்படுகின்றன என்பது கென்னத் பார்கமென்ட் முதலியோர் செய்த ஆய்வுகளின் சாரம். நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பதைவிட, அது ஆளைத் தாங்குகிறதா, தண்டிக்கிறதா என்பதே முக்கியம்.

புகாரின் கடல்

புகார் நகரம் கடலில் மூழ்கியதை மணிமேகலை சொல்கிறது. காணாமற்போன மகனைத் தேடிய துயரில் சோழன் இந்திர விழாவை மறந்தான். அதனால் கடல் கொண்டது என்பது அங்குள்ள விளக்கம். பிள்ளையைத் தொலைத்த ஒரு தகப்பனின் மறதிக்கு ஒரு நகரமே தண்டனை! அதே கடற்கரையில், 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவர்களில் 6,000-க்கும் மேற்பட்டோர் பூம்புகாரையும் உள்ளடக்கியிருந்த அன்றைய நாகை மாவட்டத்தினர். கையில் பிடித்திருந்த குழந்தையை அலை பிடுங்கிப்போன தாய்மார் எத்தனையோ பேர். “நான் பிடியை விட்டுட்டேன்” என்ற நினைப்போடு வாழ்கிற தாயிடம், ஊர் செய்த பாவம் என்றோ முன்வினை என்றோ சொல்வது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும்.

இப்படிச் சொல்வதில் பெரியவர்களும் விலக்கல்லர். 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம். அப்போது தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தியடிகள், தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை அது என்று திருநெல்வேலியில் பேசினார். தீண்டாமை ஒழிப்பில் அவரோடு ஒன்றுபட்டிருந்த தாகூர் இதை வன்மையாக மறுத்தார். இயற்கை நிகழ்வுக்கு இயற்கையில்தான் காரணம் உண்டு. இதே வாதத்தை எதிர்த்தரப்பாரும் கையில் எடுத்து உங்களால்தான் நிலநடுக்கம் வந்தது என்று சொல்லலாமே என்றார். தாகூரின் மறுப்பைக் காந்தியடிகள் தம் ஹரிஜன் இதழிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார். நோக்கம் எவ்வளவு உயர்ந்ததானாலும், மாண்டவர்களின் துயரை ஒரு பாடத்துக்குச் சான்றாக்கக்கூடாது என்பதை அந்த விவாதம் எனக்குக் கற்றுத் தருகிறது.

ஆழிப்பேரலையில் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. சுமத்ராவில் கடலடி நிலம் அதிர்ந்ததற்கும் நம் கரையை அலை தொட்டதற்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. எச்சரிக்கத்தான் ஏற்பாடில்லை. 2007-இல் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. விதி என்று எல்லோரும் ஒதுங்கியிருந்தால் அது வந்திருக்காது. ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரும், சோராமல் முயல்பவர் ஊழையே புறமுதுகிடச் செய்வர் என்ற கருத்தை ஆள்வினையுடைமையில் வைத்துத்தான் போனார். மணிமேகலையும் கடல்கோளைக் கேட்டு ஊழ் என்று ஓய்ந்துவிடவில்லை. அமுதசுரபியோடு காஞ்சியில் பசித்தவர்களுக்குச் சோறு போட்டாள்.

துக்க வீட்டில் நாம்

முன்னறிமுகமில்லாத நகரங்களில் நமக்கு உறவும் ஊரும் சங்கம்தான். ஒரு வீட்டில் கேடு நிகழ்ந்தால் முதலில் போய் நிற்பவர்கள் நாமே. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள் என்கிறது. ‘நீங்கள் பிழைத்ததே அதிர்ஷ்டம்’ என்பது போன்ற பேச்சுகளைத் தவிர்க்கச் சொல்கிறது. சாப்பாடு, தண்ணீர், படுக்க இடம், ஊருக்குத் தகவல் போன்ற தேவைகளைக் கவனித்து, அவர்கள் பேசினால் காது கொடுத்துக் கேட்டாலே பாதி வேலை முடிந்தது. கேரியரில் ரசஞ்சாதம் கொண்டுபோகும் நம் மாமிகள் இக்கையேட்டைப் படிக்காமலே பாதியைச் செய்துவருகிறார்கள்.

ஒரு மாதத்துக்கு மேலாகியும் தூக்கமின்மை, பயம், அந்தப் பேச்சையே தவிர்ப்பது நீடித்தால் “விதி, போகப்போகச் சரியாயிடும்” என்று தள்ளிப்போடக் கூடாது. மருத்துவரிடம் போக வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு எழுந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. பேச்சு வழியாகவே தரப்படும் நல்ல சிகிச்சைகள் இந்நோய்க்கு உண்டு. வெளியூரில் தமிழில் மனம்விட்டுப் பேச ஆளில்லையே என்ற குறை நமக்கு எப்போதும் உண்டு. 2022 அக்டோபரில் மைய அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம். மலரைப் படித்துவிட்டு மூடிவைக்கும் முன் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊழ் உண்டா இல்லையா என்ற வழக்கை நான் தீர்க்க வரவில்லை. அது அவரவர் நம்பிக்கை. ஆனால் ஊழைச் சொல்ல வந்த தெய்வத்திடமே கண்ணகி முதலில் வேறொன்றைக் கேட்டாள்: என் துயரம் உனக்குத் தெரியுமா? நாம் போகும் வீடுகளில் அதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, கண்கள் கேட்கின்றன. அதற்கு நம்மால் முடிந்த பதிலைச் சொல்லிவிட்டு, பக்கத்தில் சற்று நேரம் உட்கார்ந்திருப்போம். விதியைப் பற்றி அவர்களே பேச நினைத்தால் பேசட்டும்.